நிழல் நகர்வதில்லை: பண்டைச் சீனச் சிந்தனையில் ஒளியும் பொறியும்

இருண்ட அறை. அதன் சுவரில் ஒரு சிறு துளை. வெளியே வெயிலில் ஒருவர் நிற்க, உள்ளே எதிர்ச்சுவரில் அவருடைய உருவம் தலைகீழாக விழுகிறது. இது ஏன் என்ற கேள்விக்கு, கி.மு. 300-ஐ ஒட்டிச் சீனாவில் எழுதப்பட்ட ஒரு நூல் விடை சொல்கிறது. எய்த அம்பு போல ஒளி நேராகச் செல்கிறது என்கிறது அந்நூல். ஆகவே கீழிருந்து புறப்படுவது மேலே போய்ச் சேர்கிறது. மேலிருந்து புறப்படுவது கீழே வந்து சேர்கிறது. பாதம் கீழ்ப்பக்க ஒளியை மறைப்பதால் அதன் உருவம் மேலே அமைகிறது. தலை மேற்பக்க ஒளியை மறைப்பதால் அதன் உருவம் கீழே அமைகிறது. கதிர்கள் ஒன்றையொன்று கடந்து செல்லும் இடத்தில் ஒரு புள்ளி இருக்கிறது. ஊசித்துளைப் படப்பெட்டிக்கு இன்று பள்ளிப் பாடநூல் வரைந்து காட்டும் கோட்டுப்படத்தை அவர்கள் சொல்லாலேயே வரைந்துவிட்டார்கள்.

பண்டைச் சீனர்களுக்கு ஒளியியலும் இயந்திரவியலும் எவ்வளவு தெரிந்திருந்தன? சீனச் சிந்தனை அறத்தையும் அரசாட்சியையும் தாண்டிப் போனதில்லை என்று ஒரு தரப்பு நெடுங்காலம் சொல்லிவந்தது. நியூட்டனின் முதல் விதியே அங்கே எழுதப்பட்டிருக்கிறது என்றது இன்னொரு தரப்பு. மூலநூலை நெருங்கிப் படித்தால் இரண்டு கூற்றும் நிற்கவில்லை. ஒரு நிகழ்வைச் சொன்னதும் அதன் காரணத்தையும் சொல்லியாக வேண்டும் என்று தங்களுக்குத் தாங்களே விதி வகுத்துக்கொண்ட ஒரு சிறு குழுவை அந்நூலில் சந்திக்கிறோம். அவர்கள் சாதித்தது எது, எங்கே நின்றுவிட்டார்கள் என்பதைத் துல்லியமாகச் சொல்வதே அவர்களுக்குச் செய்யும் மரியாதை.

அந்தக் குழுவுக்கு மூலவர் மோட்சு. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். கன்பூசியஸுக்கு அடுத்த தலைமுறைகளைச் சேர்ந்தவர். பாகுபாடற்ற அன்பையும், பிற நாட்டின் மேல் படையெடுப்பதன் குற்றத்தையும் பேசியவர். படையெடுப்பைக் கண்டித்ததோடு அவர் நிற்கவில்லை. தாக்கப்படும் சிறு நகரங்களைக் காக்கும் கலையைத் தம் மாணவர்களுக்குக் கற்பித்தார். அவர் பெயரால் வழங்கும் நூலின் கடைசி அதிகாரங்கள் முழுக்க மதில்காப்புப் பொறிகள்: பெரிய வில்பொறிகள், நெம்புகோல் ஏற்றங்கள், சுரங்கம் தோண்டும் பகைவரைக் கண்டறியும் வழிகள். மதிலின் உட்புறம் வரிசையாகக் கிணறுகள் வெட்டி, ஒவ்வொன்றிலும் மெல்லிய தோலால் வாய் கட்டிய பெரிய சாடியை இறக்கி, செவிக்கூர்மை உள்ளவரை அதன்மேல் காதுவைத்துக் கேட்கச் சொல்கிறது ஓர் அதிகாரம். எந்தத் திசையில் மண் வெட்டப்படுகிறது என்பது அதில் தெரிந்துவிடும்.

சூ நாட்டு மன்னனுக்கு மதிலேறும் ஏணிப்பொறி செய்து கொடுத்தான் கொங்ஷு பான் என்ற பெருந்தச்சன். சொங் நாட்டைத் தாக்குவதற்காகச் செய்யப்பட்டது அது. செய்தி கேட்ட மோட்சு பத்துப் பகலும் பத்து இரவும் நடந்து சூவின் தலைநகரை அடைந்தார் என்கிறது நூல். இடைக்கச்சையை அவிழ்த்து மதிலாக வளைத்து, மரத்துண்டுகளைப் பொறிகளாக வைத்து, மன்னன் முன்னிலையில் இருவரும் போரை ஆடிக் காட்டினார்கள். பான் ஒன்பது முறை தாக்கினான். மோட்சு ஒன்பது முறையும் தடுத்தார். படையெடுப்பு கைவிடப்பட்டது. இதே தச்சன் மூன்று நாள் தரையிறங்காமல் பறக்கும் பறவை ஒன்றைச் செய்ததாகவும், மூன்று அங்குல மரத்தில் செதுக்கிய வண்டிக் கடையாணி பெரும்பாரம் தாங்கும்போது இந்தப் பறவையால் என்ன பயன் என்று மோட்சு கேட்டதாகவும் இன்னொரு கதை உண்டு. இவை எந்த அளவு வரலாறு என்பது வேறு விஷயம். தச்சனோடு தச்சனாக உட்கார்ந்து பேசத் தெரிந்த ஒரு சிந்தனையாளரை அவருடைய மாணவர்கள் தங்கள் ஆசானாக நினைவில் வைத்திருந்தார்கள் என்பதே நமக்கு முக்கியம்.

ஒளியையும் எடையையும் ஆராய்ந்தவர்கள் மோட்சுவுக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின் வந்த அவருடைய வழியினர். மோட்சு நூலில் முதலில் 71 அதிகாரங்கள் இருந்தன. இன்று கிடைப்பவை 53. அவற்றில் 40 முதல் 45 வரையிலான ஆறு அதிகாரங்கள் இந்தப் பிற்கால மோ பள்ளியாரின் படைப்பு. இவற்றையே மோ ஜிங் என்று அழைக்கிறார்கள். தருக்கம், அறம், வடிவியல், ஒளியியல், இயந்திரவியல், பொருளியல் எல்லாம் இதில் நூற்பா வடிவில் உள்ளன. ஒரு கூற்று; அதன் காரணம் எதில் இருக்கிறது என்று சுட்டும் ஒரு சொல்; பிறகு தனி அதிகாரத்தில் அதற்கு விளக்கம். வட்டத்துக்கு அவர்கள் கொடுக்கும் வரையறை, ஒரு மையத்திலிருந்து எங்கும் சம தூரம் என்பதே. புள்ளி, கோடு, வெளி, காலம், இவற்றுக்கும் வரையறைகள் உண்டு. எனினும் கிரேக்க வடிவியலாளர் யூக்ளிட்டைப் போல வரையறையிலிருந்து தேற்றம், தேற்றத்திலிருந்து தேற்றம் என்று அவர்கள் கட்டிக்கொண்டு போகவில்லை.

ஒளியைப் பற்றிய கூற்றுகள் எட்டு. நிழலிலிருந்து தொடங்கி ஆடியில் முடிகிறது அந்த வரிசை.

முதல் கூற்றே நம்மை நிறுத்தி யோசிக்க வைக்கிறது: நிழல் நகர்வதில்லை. பறக்கும் பறவையின் நிழல் தரையில் ஓடுவதை எல்லாரும் பார்க்கிறோமே? மோ பள்ளியார் விளக்குகிறார்கள். ஒளி வந்து விழுந்ததும் அந்த இடத்து நிழல் அழிகிறது. அடுத்த இடத்தில் ஒளி மறைக்கப்பட்டதும் அங்கே புதிய நிழல் உண்டாகிறது. ஒரே நிழல் இடம்விட்டு இடம் போவதில்லை. நொடிக்கு நொடி புதிதாக ஆக்கப்படுகிறது. பறவையின் நிழல் அசைவதே இல்லை என்பது அக்காலத்து வாதவல்லார் நடுவே புகழ்பெற்ற புதிர்களில் ஒன்று. தாவோ நெறியினரின் சுவாங்ட்சு நூலின் கடைசி அதிகாரம் அதைப் பட்டியலிடுகிறது. கேட்டவரைத் திகைக்க வைப்பதற்கென்றே எழுந்த அந்த வாக்கியத்தை மோ பள்ளியார் எடுத்து, நிழல் என்பது ஒரு பொருளே அன்று, ஒளி இல்லாத இடம்தான் என்ற இயற்பியல் உண்மையாக மாற்றினார்கள். தத்துவத்திலிருந்து அறிவியல் பிறக்கும் கணத்தைக் காட்ட இதைவிடத் தெளிவான சான்று பண்டை இலக்கியங்களில் அதிகம் இல்லை என்பேன்.

அடுத்த கூற்று, ஒரு பொருளுக்கு இரண்டு நிழல் விழுவதைப் பேசுகிறது. இரண்டு ஒளிமூலங்கள் இருந்தால் நிழலும் இரட்டிக்கும். கருநிழல், புறநிழல் என்ற இன்றைய பிரிவினையை இதில் சிலர் காண்கிறார்கள். அந்த அளவுக்குப் போக மூலம் இடம் கொடுக்கிறதா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. மூன்றாவது, தொடக்கத்தில் நாம் பார்த்த துளை. நான்காவது, ஆடியில் பட்டுத் திரும்பிய வெயில் ஒருவர்மேல் விழுந்தால் அவர் நிழல் சூரியனுக்கும் அவருக்கும் நடுவே விழும் என்கிறது. கோலையும் ஆடியையும் கையில் வைத்துக்கொண்டு பார்க்காத ஒருவருக்கு இது தோன்றியிருக்காது. ஐந்தாவது, நிழலின் அளவு எவற்றைப் பொறுத்தது என்பது: மரம் சாய்ந்திருக்கிறதா நிமிர்ந்திருக்கிறதா, விளக்கு அருகிலா தொலைவிலா, ஒளிமூலம் பொருளைவிடச் சிறியதா பெரியதா. ஒளிமூலம் சிறியதானால் நிழல் பொருளைவிடப் பெரிதாகும்.

கடைசி மூன்றும் ஆடிகள்: சமதள ஆடி, குழியாடி, குவியாடி. இவற்றில் குழியாடியைப் பற்றிய கூற்று மோ ஜிங்கின் உச்சங்களில் ஒன்று. குழியாடியின் முன்னால் ஒருவர் நின்றால் இரண்டு விதமான பிம்பம் கிடைக்கும் என்கிறார்கள். ஒன்று சிறியது, தலைகீழானது. மற்றது பெரியது, நேரானது. எது கிடைக்கும் என்பது அவர் மையத்துக்கு வெளியே நிற்கிறாரா உள்ளே நிற்கிறாரா என்பதைப் பொறுத்தது. விளக்கப்பகுதி இன்னும் நுணுக்கமானது. உள்ளே நின்று மையத்தை நெருங்க நெருங்கப் பிம்பம் பெரிதாகும். ஆனால் எப்போதும் நேராகவே இருக்கும். வெளியே நின்று மையத்தை நெருங்கினாலும் பிம்பம் பெரிதாகும்; ஆனால் எப்போதும் தலைகீழாக இருக்கும். குவியாடிக்கு ஒரே வகைப் பிம்பம்தான், அது நேரானது என்றும் சரியாகவே குறித்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு குறை உண்டு. அந்தக் குறை எப்படி நேர்ந்தது என்பதே அவர்கள் நேரில் செய்து பார்த்தார்கள் என்பதற்குச் சான்றாகிவிடுகிறது. குழியாடிக்குக் குவியம் என்றும் வளைவு மையம் என்றும் இரண்டு புள்ளிகள் உண்டு. இவ்விரண்டுக்கும் நடுவே பொருளை வைத்தால் மூன்றாவது வகைப் பிம்பம், அதாவது பெரியதும் தலைகீழானதும், கிடைக்கும். மோ பள்ளியார் இதைச் சொல்லவில்லை. அவர்களுக்கு மையம் ஒன்றே. காரணம் எளிது. அவர்கள் பொருளாக வைத்தது தங்கள் முகத்தை. முகம் அந்த இடைவெளிக்குள் வந்தால் பிம்பம் பார்ப்பவரின் தலைக்குப் பின்னால் விழும். கண்ணுக்குத் தெரிவது கலங்கல் மட்டுமே. தெளிவாகத் தெரிந்த இரண்டை எழுதினார்கள். கலங்கித் தெரிந்ததை விட்டார்கள். ஏட்டைப் பார்த்து எழுதியவர்களிடம் இந்த வகைக் குறை வராது.

இந்த ஆடிகள் எங்கிருந்து வந்தன? வெண்கலப் பட்டறைகளிலிருந்து. வெயிலைக் குவித்து நெருப்பு மூட்டும் குழியாடி சவு அரசமரபுக் காலத்திலிருந்தே சீனாவில் புழங்கியது. சூரியனிடமிருந்து சடங்கு நெருப்பைப் பெறுவதற்கென்றே ஓர் அதிகாரி இருந்ததாகச் சவு மரபின் சடங்கு நூல் குறிக்கிறது. கைவினைஞர்களின் கையேடான கவோ கொங் ஜி, வெண்கலத்தில் செம்பும் வெள்ளீயமும் எந்த விகிதத்தில் கலக்க வேண்டும் என்று ஆறு வகை வார்ப்புகளுக்குத் தனித்தனியே சொல்கிறது. ஆடிகளுக்கு வெள்ளீயத்தின் பங்கு எல்லாவற்றையும்விடக் கூடுதல், பளபளப்பு ஏற வேண்டும் என்பதற்காக. பட்டறைக்காரர்களுக்கு ஆடி எப்படி நடந்துகொள்ளும் என்பது தெரிந்திருந்தது. ஏன் என்று கேட்டு எழுதி வைத்தவர்கள் மோ பள்ளியார்.

கிரேக்கத்தோடு ஒப்பிடாமல் இந்தக் கேள்வியை முடிக்க முடியாது. ஏறத்தாழ இதே காலத்தில் எழுதிய யூக்ளிட், கண்ணிலிருந்து கதிர்கள் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதாகக் கொண்டார். அந்தத் தவறான தொடக்கத்தின் மேலேயே வலுவான வடிவியலைக் கட்டிவிட்டார். அரிஸ்டாட்டிலின் பெயரால் வழங்கும் வினாத் தொகுப்பில், சதுரத் துளை வழியாக வரும் வெயில் ஏன் வட்டமாக விழுகிறது என்ற கேள்வி இருக்கிறது. நிறைவான விடை இல்லை. மோ பள்ளியார் வெளியிலிருந்து ஒளி வருவதாகவே கொண்டார்கள். கண் நெருப்பின் துணையால் பார்க்கிறது, நெருப்பு தானாகப் பார்ப்பதில்லை என்றும் ஓரிடத்தில் சொல்கிறார்கள். தொடக்கம் இவர்களுடையது சரி. கோணத்தை அளந்து நிறுவும் முறை கிரேக்கர்களுடையது. எதிரொளிப்பில் படுகோணமும் மீள்கோணமும் சமம் என்ற விதி மோ ஜிங்கில் இல்லை. இரண்டும் ஒரே கையில் சேர, பதினோராம் நூற்றாண்டின் அரபு அறிஞர் இப்னு அல்-ஹைத்தம் வரை உலகம் காத்திருக்க வேண்டியிருந்தது.

இயந்திரவியலுக்கு வருவோம். விசை என்பது உடலை எழச் செய்வது, அசைவுக்குத் தூண்டுவது என்று ஒரு வரையறை இருக்கிறது. விளக்கம் அதை எடையோடு இணைக்கிறது. பாரத்தைத் தூக்கிப் பழகியவர்களின் வரையறை இது.

இந்தப் பகுதியின் மணிமுடி துலாக்கோல் பற்றிய கூற்று. சமநிலையில் இருக்கும் கோலின் ஒரு பக்கத்தில் எடை கூட்டினால் அந்தப் பக்கம் தாழும், இதில் வியப்பில்லை. அடுத்து வருவதுதான் ஆழமானது. ஒரு கரம் குட்டை, மறு கரம் நெட்டை, ஆனாலும் கோல் சமநிலையில் நிற்கிறது. இப்போது இரு பக்கமும் சமமான எடையைக் கூட்டினால் என்ன ஆகும்? நெட்டைப் பக்கம் கட்டாயம் தாழும், அதற்கே கூடுதல் வலிமை கிடைக்கிறது என்கிறார்கள். எடையோடு தூரமும் சேர்ந்துதான் கோலைத் திருப்புகிறது என்ற கருத்து இங்கே முழுதாக இருக்கிறது. ஆர்க்கிமிடீஸ் பிறந்தது கி.மு. 287 வாக்கில், ஆகவே இது அவருக்கு முந்தியதாகவோ அவருடைய காலத்தை ஒட்டியதாகவோ இருக்க வேண்டும். ஆனால் எடையும் கரநீளமும் தலைகீழ் விகிதத்தில் அமையும் என்று எண்ணால் சொன்னவர் ஆர்க்கிமிடீஸே. மோ பள்ளியார் திசையைச் சொன்னார்கள்; அளவைச் சொல்லவில்லை. அக்காலத்துச் சீனச் சந்தையில் துலாக்கோல் புதுமைப் பொருளும் அன்று. சாங்ஷாவில் சூ நாட்டுக் கல்லறை ஒன்றிலிருந்து மரக்கோலும் வளைய வடிவ எடைக்கற்களும் 1954-இல் முழுத்தொகுதியாகக் கிடைத்தன. போரிடும் நாடுகள் காலம் எனப்படும் அக்காலகட்டத்தைச் சேர்ந்த இரண்டு வெண்கலக் கோல்களில் பிரிவுகோடுகள் உள்ளன. கரநீளத்தை மாற்றி நிறுக்க அவை பயன்பட்டிருக்கலாம் என்பது சீன அறிஞர்களின் கருத்து.

பாரத்தை மேலே இழுப்பதும் கீழே விடுவதும் பற்றிய கூற்று கப்பியைக் குறிப்பதாகப் பெரும்பாலோர் கொள்கிறார்கள். முன்னால் ஒரு அளவும் பின்னால் ஒரு அளவுமாகச் சக்கரம் பூட்டிய ஏணிவண்டி ஒன்றும் வருகிறது; சாய்தளத்தில் பாரம் ஏற்றும் பொறி அது. மயிரிழையைப் பற்றிய கூற்று தனி அழகு: பாரம் தொங்கவிட்ட மயிர் அறுந்தால் அது எங்கோ சீராக இல்லை என்று பொருள், முற்றிலும் சீராக இருந்தால் அறுவதற்கு ஓரிடம் மற்றோரிடத்தைவிட முந்தாது, ஆகவே அறாது. பொருள்களின் உறுதியை ஆராயும் இன்றைய பொறியாளரும் முறிவு பலவீனமான இடத்தில் தொடங்குகிறது என்றுதான் சொல்வார். முற்றிலும் சீரான இழை அறவே அறாது என்ற முடிவு சரியன்று. அந்த வாதத்தின் கூர்மை அதனால் குறைந்துவிடவில்லை.

இனி, மிகவும் பேசப்பட்ட நியூட்டன் விவகாரம். நிற்றல் என்பதை வரையறுக்கும் ஒரு கூற்று மோ ஜிங்கில் உள்ளது. சீன அறிவியல் வரலாற்றின் பேரறிஞர் ஜோசப் நீடாம், 1962-இல் வெளியான தம் இயற்பியல் தொகுதியில் அதிலுள்ள ஒரு சொல்லை எதிர்விசை என்று கொண்டார். அப்படிப் படித்தால், எதிர்விசை இல்லையேல் அசைவு நிற்காது என்ற நிலைம விதி கிடைக்கிறது. ஆனால் அந்தச் சொல்லுக்கு மோ ஜிங்கே வேறிடத்தில் வரையறை தருகிறது: கால நீட்சி. அந்தப் பொருளில் படித்தால் கூற்று தெளிவாகிறது. தூணைக் கடக்கும் அம்பு அங்கே காலம் எதையும் செலவிடுவதில்லை. பாலத்தைக் கடக்கும் மனிதர் செலவிடுகிறார். நிற்காமல் போவதில் இரண்டு வகை உண்டு என்பதுதான் விஷயம். கூடவே வரும் குதிரை, மாடு பற்றிய எடுத்துக்காட்டுகளும் இது தருக்க ஆராய்ச்சி என்பதையே காட்டுகின்றன. 1978-இல் மோ ஜிங் முழுவதையும் பதிப்பித்து மொழிபெயர்த்த ஏ.சி. கிரகாம் நீடாமின் விளக்கத்தை ஏற்கவில்லை. கிரகாம் பக்கமே நியாயம் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். நிலைமத்தைக் கண்ணால் கண்டதற்குச் சான்று வேண்டுமானால் அது கவோ கொங் ஜியில் இருக்கிறது. குதிரை இழுப்பதை நிறுத்திய பிறகும் நல்ல வண்டி சிறிது தூரம் தானே முன்செல்லும் என்று வண்டித் தச்சர்கள் அங்கே குறித்திருக்கிறார்கள். ஆனால் அது கவனிப்பு மட்டுமே. விதி என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை.

இத்தனை கருத்து வேறுபாட்டுக்கு இடம் வந்ததற்கு நூலின் தலைவிதியே காரணம். கி.மு. 221-இல் சின் மன்னன் சீனாவை ஒருங்கிணைத்த பிறகு, மதில்காப்பு நிபுணர்களை வாடகைக்கு அழைக்கச் சிறு நாடுகள் இல்லாமல் போயின. ஹான் காலத்தில் கன்பூசிய நெறி அரசின் கல்வியாயிற்று. மோ பள்ளி மறைந்தது. நூலைப் படியெடுத்தவர்களுக்குப் பொருள் தெரியவில்லை. மூலத்தில் கூற்றுகள் மேல்வரிசை, கீழ்வரிசை என இரண்டு வரிசைகளாக எழுதப்பட்டிருந்தன. பின்வந்தவர்கள் அவற்றை ஒரே ஓட்டமாகப் படியெடுத்ததால் கூற்றுகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்தன. கி.பி. 300 வாக்கில் லூ ஷெங் என்பவர் எழுதிய உரையும் தொலைந்து, முன்னுரை மட்டும் எஞ்சியது. தாவோ நெறியினரின் திருநூல் தொகுப்புக்குள் மோட்சு நூலும் எப்படியோ சேர்க்கப்பட்டு 1445-இல் அச்சேறியதால் பிழைத்தது.

1783-இல் பி யுவான் என்ற அறிஞர் நூலைக் குறிப்புகளுடன் பதிப்பித்தார். தானே புகைப்படக் கருவி செய்த குவாங்டொங் அறிஞர் ட்சோ போச்சி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இந்தக் கூற்றுகள் ஒளியியல் என்பதை அடையாளம் கண்டார். அந்நூற்றாண்டின் இறுதியில் சுன் இராங் பாடத்தைச் செப்பனிட்டார். ஒவ்வொரு விளக்கமும் தனக்குரிய கூற்றின் தலைச்சொல்லோடு தொடங்குகிறது என்ற விதியை லியாங் சிச்சாவ் கண்டு சொன்னது, கலைந்த கூற்றுகளை மீண்டும் இணைக்கும் சாவியாயிற்று. 1940-களில், போருக்கு நடுவே, இயற்பியலாளர் சியான் லின்சாவ் ஒளியியல், இயந்திரவியல் கூற்றுகளை முறையாக விளக்கினார். கவனிக்க வேண்டியது ஒன்று: இவர்களில் பலர், மேற்கத்திய அறிவியலின் முன் தம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டா என்று தவிப்போடு தேடியவர்கள். ட்சோ போச்சி மேற்கத்தியக் கலைகளின் வேரே மோட்சுவிடம் இருக்கிறது என்று நம்பினார். அந்தத் தவிப்பே நூலை மீட்டது. அதன் மேல் நியூட்டனின் சாயலை ஏற்றியதும் அதே தவிப்புதான்.

மோ பள்ளி மறைந்தாலும் கேள்விகள் அறவே மறையவில்லை. பனிக்கட்டியை உருண்டையாகச் செதுக்கி வெயிலைக் குவித்துத் தீமூட்டும் செய்முறை ஹான் கால நூல் ஒன்றில் வருகிறது. சொங் அரசமரபுக் காலத்து ஷென் குவோ (1031-1095), பறக்கும் பருந்தின் நிழல் சாளரத் துளை வழியே வரும்போது எதிர்த்திசையில் ஓடுவதைக் கவனித்து, குழியாடியின் தலைகீழ்ப் பிம்பத்துக்கும் இதுவே காரணம் என்று இரண்டையும் ஒரே விளக்கத்தில் கொண்டுவந்தார். யுவான் காலத்தில் சாவ் யூச்சின் ஒரு வீட்டையே ஆய்வுக்கூடமாக்கினார். தரையில் ஆழம் மாறுபட்ட இரண்டு குழிகள் வெட்டி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட மெழுகுவத்திகள் ஏற்றிய பலகைகளை இறக்கி, துளையிட்ட மூடிகளால் மூடி, மேல்தளத்தின் அடிப்பரப்பைத் திரையாக்கிப் பிம்பங்களை ஆராய்ந்தார். சிறு துளை ஒளிமூலத்தின் வடிவத்தைக் காட்டும், பெருந்துளை தன் வடிவத்தையே காட்டும் என்று நிறுவினார். ஆனால் ஷென் குவோவோ சாவ் யூச்சினோ மோ ஜிங்கின் தோள்மேல் ஏறி நின்றவர்கள் என்று சொல்லச் சான்று இல்லை. ஒவ்வொருவரும் தொடக்கத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. சீன இயற்பியலின் பெரிய இழப்பு இந்தத் தொடர்ச்சியின்மையே. அறிவுக்கூர்மைக்கு அங்கே பஞ்சம் இருந்ததில்லை.

2016 ஆகஸ்ட் 16 அன்று ஜியுச்சுவான் ஏவுதளத்திலிருந்து சீனா அனுப்பிய குவாண்டம் தகவல்தொடர்புச் செயற்கைக்கோளுக்கு மோட்சுவின் பெயரை வைத்தார்கள். ஒளி நேர்கோட்டில் செல்வதைத் துளையின் மூலம் கண்டவர் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். கண்டவர்கள் அவருடைய வழியினர் என்றாலும், பெருமைகளில் சரியானதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அந்தக் கூற்று எந்தச் சோதனையையும் தாங்கும். துளை, குழியாடி, துலாக்கோல் ஆகிய மூன்றும் உலக அறிவியல் வரலாற்றில் உறுதியான இடம் பெற வேண்டியவை. நிலைம விதியைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். சீன மொழி கற்கும் தமிழ் மாணவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு: இந்த எட்டு ஒளிக் கூற்றுகளையும் துலாக்கோல் கூற்றையுமாவது, இடையில் வேறு மொழி இல்லாமல், மூலத்திலிருந்து நேராகத் தமிழுக்குக் கொண்டுவாருங்கள்.